பதின்மூன்றே முக்கால் வயதின் மெய்ப்பாட்டியல்

விடலைப் பருவத்து டைரியைத் தனியாளாக மேடையேற்றிச் சிரிப்பு மூட்டும் கலைக்கு நம் இலக்கண நூல் எதிலும் விதி இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. யாரும் கேட்கவில்லையே என்பது ஆய்வுலகில் என்றுமே தடையாக இருந்ததில்லை.

மூலபாடம் லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைக்கிறது. பள்ளி நாளில் தானே எழுதி, அனுப்பத் துணிவின்றி விட்ட காதல் கடிதம் ஒன்று டேவிட் நாடெல்பெர்க் என்பவரின் கையில் பின்னாளில் சிக்கியது. அதன் விளைவாக 2002-இல் 'மார்ட்டிஃபைட்' என்ற மேடை நிகழ்ச்சி பிறந்தது. வளர்ந்து ஆளானவர்கள் ஒவ்வொருவராக வந்து, சிறுவயதில் தாங்களே எழுதியதைப் படிப்பார்கள். வெட்டலாம், சேர்க்கக் கூடாது. இதுவே பதிப்பு நெறி. எழுத்துப்பிழைகளையும் அப்படியே காப்பாற்றலாம்தான். அவை அரங்கில் காதில் விழாது என்பது வேறு விஷயம்.

மூலத்தின் நிலை பற்றி ஒரு குறிப்பு. இவ்வகை நூல்களில் ஜனவரிக் காண்டம் முழுமையாகக் கிடைக்கும். பிப்ரவரி சிதைந்திருக்கும். மார்ச்சுக்குப் பிறகு நூல் இறந்துபட்டது என்றே கொள்ள வேண்டும்.

இனி மெய்ப்பாடு. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் சொன்னார் தொல்காப்பியர். இவற்றில் மூன்றை டைரிக்காரர் தாராளமாகத் தந்துவிடுகிறார்: இளமை இயல்பாய் அமைந்தது, மற்ற இரண்டும் உழைத்துச் சேர்த்தவை. எள்ளலில்தான் சிக்கல். பிறரை எள்ளி நகுவது, பிறர் எள்ளத் தான் நகுவது என இரண்டாகப் பகுத்து நிம்மதியாகத் தூங்கப் போனார் உரையாசிரியர் பேராசிரியர். முப்பத்தெட்டு வயதுக்காரர் தன் பதினான்கு வயதை எள்ளினால் அது எதில் சேரும்? பெயர் ஒன்று, பெற்றோர் ஒன்று. ஆனால் அந்தப் பதினான்கு வயது எழுதும்போது ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. முகப்பருவுக்கும் அணு ஆயுதப் போருக்கும் ஒரே நீளத்தில் பத்தி ஒதுக்கிய ஆள் அது. ஆகவே அவர் வேற்றாள் என்பதே என் துணிபு. படிக்கும்போதே 'பார்த்தீர்களா என் அசட்டுத்தனத்தை' என்று கண்ணடிப்பவர் மேடையில் தோற்பார். ராஜினாமாக் கடிதம் வாசிப்பதுபோல் வாசிப்பவரே ஜெயிப்பார்.

சூ டவுன்செண்ட் 1982-இல் வெளியிட்ட ஏட்ரியன் மோல் நாட்குறிப்பு இதற்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். ஆகாது. அது புனைவு. பதின்மூன்றே முக்கால் வயது ஏட்ரியனுக்குத் தான் வேடிக்கை என்பது தெரியாது. தெரிந்தவர் பின்னால் உட்கார்ந்து எழுதினார். நிஜ டைரிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அந்த வேலையை முப்பத்தெட்டு வயதுக்காரர் கத்தரிக்கோலை மட்டும் வைத்துக்கொண்டு செய்தாக வேண்டும். வானிலை, சாப்பாடு, பரீட்சை என்று நாற்பது பக்கத்தை நீக்கி, 'இன்றும் அவள் என்னைப் பார்க்கவில்லை. வாழ்க்கை முடிந்தது. இரவு பீட்சா' என்ற மூன்று வாக்கியத்தை அடுத்தடுத்து நிறுத்துவதில்தான் புலமை இருக்கிறது.

எஞ்சியது ஓம்படைக்கிளவி. கல்வெட்டில் அது கடைசியில் வரும்: இத்தர்மத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. டைரியிலோ முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது: இதைத் திறப்பவர் சாவார், குறிப்பாகத் தம்பி. சாபம் அரங்கு முழுவதற்குமா, டிக்கெட் வாங்காமல் நுழைந்தவர்களுக்கு மட்டுமா என்பதில் பாடம் தெளிவாக இல்லை.