நூத்துக்கு நூத்திப் பத்து!

நம்ம தாமான் குடியிருப்புக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு நல்லாத்தான் பேசினே தம்பி. நாலாம், அஞ்சாம் படிவம் படிக்கிற பொம்பளப் பிள்ளைங்க கணக்குல நம்ம மலேசியா ஆப்கானிஸ்தானை எங்கேயோ முந்திடுச்சுன்னு சொன்னே பாரு, நான்தான் முதல்ல கை தட்டினேன். 2021-ல தாலிபான் வந்ததிலிருந்து அங்க ஆறாம் வகுப்புக்கு மேல பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்ல. அவங்களை முந்தினதுக்கு மேளம் வைக்கணும்னா சொல்லு, நானும் பத்து வெள்ளி போடுறேன்.

அப்புறம் சுவீடன், பின்லாந்துன்னு ஆரம்பிச்சே. அங்க நூத்துக்கு மேலயும் சேர்க்கை விகிதம் வருதுன்னு நீ பட்டியலைப் பார்த்து வாசிச்சதும் கூட்டமே வாயைப் பொளந்துச்சு. நூறு பிள்ளை இருக்கிற ஊர்ல நூத்திப் பத்துப் பிள்ளை எப்படிப்பா படிக்கும்? எவனும் கேக்கல. கிழவி நான் சொல்றேன். வகுப்புல இருக்கிற அத்தனை பேரையும், வயசு பார்க்காம, அந்த வகுப்புக்குரிய வயசுக்காரங்க தொகையால வகுத்தா அப்படித்தான் வரும். ரெண்டாவது தடவை உட்கார்ந்தவ, முப்பது வயசுல திரும்பப் படிக்க வந்தவ எல்லாரும் அதுல சேர்த்தி.

நாங்க ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டின காலத்துல இதுதான் நடக்கும். வாளியில ரெண்டு குவளைத் தண்ணி கலந்தா எடை ஏறும். கணக்கெழுதுற கிராணி அளவுகோலை விட்டுப் பார்த்தா, உள்ள ரப்பர் எவ்வளவுன்னு சாயம் வெளுத்துடும். உன் பட்டியலுக்குள்ள எந்தக் கிராணிப்பா கோலை விட்டான்?

இன்னொண்ணு. நமக்கு மேல் வகுப்புன்னா நாலு, அஞ்சு படிவம், எஸ்.பி.எம். சோதனை எழுதினா முடிஞ்சுது. தமிழ்நாட்டுல பிளஸ் ஒன், பிளஸ் டூ. இலங்கையில உயர்தரம்னா 12, 13. எல்லாத்தையும் ஒரே வரிசையில நிக்க வச்சுட்டு எங்க பிள்ளைதான் உசரம்னா எப்படி? தமிழ்நாட்டை வேற இளப்பமா பேசினே. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜுக்குப் போனா மாசம் 1000 ரூபாய் தர்ற 'புதுமைப் பெண்' திட்டத்தை அவங்க 2022-லயே ஆரம்பிச்சுட்டாங்க. நீ உன் தாமான்ல ஆரம்பிச்சது கேரம் போட்டி.

அந்தப் பட்டியல்ல மலேசியாவுக்கு ஒரே ஒரு வரிதான் தம்பி. கோலாலம்பூர் டாக்டர் மகளும் பாடாங் செராய் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளையும் அந்த ஒரு வரிக்குள்ளதான் அடக்கம். சூரா பெரானா, அதான் பிறப்புப் பத்திரம், இல்லாம அலையுற பிள்ளை எந்த வரியில இருக்குன்னு நீயே தேடிச் சொல்லு.

இவ்வளவு தூரம் வந்ததும் சும்மா இல்ல. 1964 வரைக்கும் ஆறாம் ஆண்டோட ஒரு சோதனை, தேறலேன்னா வீடு. அதைத் தாண்டினா மூணாம் படிவத்துல எல்.சி.இ. சோதனை, அப்புறம் அதே இடத்துல எஸ்.ஆர்.பி. தோட்டத்துப் பிள்ளைங்க பாதி அங்கேயே நின்னுடும். 1993-ல அதுக்குப் பதிலா பி.எம்.ஆர். வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்துச்சு. எங்க காலத்துல பெரிய பொண்ணுக்குப் பள்ளிக்கூடமே ஆயாக்கொட்டகைதான். தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் பாடம்.

இப்ப நிலைமை தலைகீழ். மேல் வகுப்புல பையனைவிடப் பொண்ணுங்க விகிதம்தான் கூட. அரசாங்கப் பல்கலைக்கழகத்துல ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் பொண்ணுங்க. இதைக் கேட்டதும் நம்ம அப்பன்மாருக்குக் கவலை வந்துடுச்சு: "ரொம்பப் படிச்சா மாப்பிள்ளை கிடைக்காதே!" கிடைக்காதுதான். மாப்பிள்ளை மூணாம் படிவத்துல பள்ளிக்கு மட்டம் போட்டுட்டு மோட்டார்ல சுத்திக்கிட்டு இருக்கான். அவனைப் பிடிச்சு வகுப்புல உட்கார வைங்கடான்னா, படிக்கிறவளை நிறுத்த வழி தேடுறாங்க.

நிறுத்தித்தான் ஆகணும்னா சுலபமான வழி இருக்கு. எஸ்.பி.எம். ரிசல்ட்டை லாமினேட் பண்ணிச் சாமி படத்துக்குப் பின்னால சொருகிடு. ஃபேக்டரி பஸ் தாமான் வாசலுக்கே வருது; குலிம் ஹைடெக்குக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ பிள்ளையை ஏத்தி விடு. ஓவர்டைம் காசு வரும். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக்னு ஒருத்தரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. உன் பட்டியலுக்கும் பாதகமில்ல. அஞ்சாம் படிவம் வரைக்கும் அவ பேரு பதிவுல இருந்துச்சே! 2001-ல ஆரம்பிச்ச ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இப்ப செமிலிங்ல இருக்கு. அங்க படிக்க வர்ற வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு வாடகைக்கு ரூம் விட நமக்கு வசதி.

ராஜேந்திர சோழன் 1025-ல நம்ம மண்ணான கடாரத்தை ஜெயிச்ச கதையை மேடைக்கு மேடை சொல்றியே, ஆயிரம் வருஷமாச்சு தம்பி. அவன் ஜெயிச்சதை அவன் கணக்குல விடு. இப்ப நடக்கிறதைப் பாரு: இடைநிலைப் படிப்பும் கட்டாயம்னு 2025-ல நாடாளுமன்றத்துல திருத்தம் நிறைவேத்திட்டாங்க. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டாந்து விடும். உள்ள உட்கார வைக்கிறது அப்பன் ஆத்தா வேலை.

அதனால அடுத்த கூட்டத்துக்கு உலகத்தைத் தூக்கிட்டு வராதே. நம்ம தாமான்ல முதலாம் படிவம் ஏறின பிள்ளைங்கள்ல எத்தனை பேர் எஸ்.பி.எம். எழுதினாங்க, எழுதினதுல எத்தனை பேர் மேல போனாங்க, போகாதவங்க ஏன் போகல, வீடு வீடா கேட்டு ஒரே ஒரு தாள்ல எழுதிட்டு வா. கூட்டத்துல வாசிக்கிறப்போ முதல்ல உன் வீட்டுக் கணக்கை வாசி.