ஓங்கில் சிரிக்கிறதா, அண்ணாச்சி?

கல்லூரி மாணவி, தூத்துக்குடி
கே: எப்போது பார்த்தாலும் ஓங்கில், அதாவது டால்பின், சிரித்த முகமாகவே இருக்கிறதே, அதற்குக் கவலையே கிடையாதா?
ப: அது சிரிப்பு இல்லை, தாடையின் வளைவு. வலையில் மூச்சு முட்டும்போதும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும், செத்துக் கரை ஒதுங்கும்போதும் அப்படியேதான். ஜவுளிக்கடை வாசல் பொம்மையும்தான் சிரிக்கிறது. அதனிடம் நாம் சுகம் விசாரிக்கிறோமா?

மீன் வியாபாரி, திரேஸ்புரம்
கே: சாளையைக் கொன்றால் குழம்பு, ஓங்கிலைக் கொன்றால் குற்றமா? இரண்டும் உயிர்தானே, அண்ணாச்சி?
ப: உயிர் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பெருகுகிற கணக்கு வேறு. சாளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓங்கில் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், பால் கொடுத்து வளர்க்கும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அது மீனும் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. வலைக்குள் அதற்கு நேர்வது, கிணற்றில் விழுந்த மனிதனுக்கு நேர்வதுதான். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் ஓங்கிலும் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அந்த விலைக்கு எந்த ஏலக்கூடத்திலும் கட்டுப்படி ஆகாது.

மீனவர், ஆலந்தலை
கே: 2016-ல் கல்லாமொழிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒதுங்கிய ஓங்கில் கூட்டத்தைக் கடலுக்குள் தள்ளியவர்களில் நானும் ஒருவன். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன. எங்கள் மேல் என்ன கோபம்?
ப: முதலில் அந்தக் கைகளுக்கு ஒரு கும்பிடு. ஜனவரி 11 மாலை தொடங்கி மணப்பாட்டுக்கும் ஆலந்தலைக்கும் இடையே கரையேறியவை 80-க்கும் மேல். பத்திரிகைகள் ‘திமிங்கலம்’ என்றன. பைலட் திமிங்கலம் என்பது பெயர்தான், குடும்பம் ஓங்கில் குடும்பம். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டும் பல திரும்பி வந்தன. பாதிக்கு மேல் செத்துப்போயின. கோபமெல்லாம் இல்லை. அவை தனிக்குடித்தனம் அறியாதவை. தாயும் மகளும் பேத்தியுமாகக் கூட்டமாகத் திரியும். ஒன்று நோயிலோ வழிதவறியோ தரைதட்டினால், அதன் குரல் கேட்டு மற்றவை பின்னால் வரும். நீங்கள் கடல் பக்கம் தள்ளினீர்கள், கரையில் கிடந்த சொந்தம் இந்தப் பக்கம் கூப்பிட்டது. 1973 ஜனவரியில் இதே கடலோரத்தில் 147 ஒதுங்கியதும் பதிவில் இருக்கிறது.

ஆசிரியை, மணப்பாடு
கே: சொந்தத்தை விட்டுப் போகாதது நல்ல குணம்தானே?
ப: நல்ல குணம்தான், டீச்சர். வேட்டைக்காரனுக்கும் அது ரொம்பப் பிடித்த குணம். வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில், நம் கரைக்கு வந்தவற்றின் நெருங்கிய இனத்தைப் படகுகளால் வளைத்து, குடாவுக்குள் ஓட்டி, கரையேற்றி வெட்டுவது பல நூற்றாண்டு வழக்கம். 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 1,400-க்கும் மேற்பட்ட ஓங்கில்களை வெட்டினார்கள். அந்த வழக்கத்தை ஆதரிப்பவர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். ஜப்பானின் தாய்ஜியில் படகிலிருந்து இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கிச் சுத்தியலால் தட்டுவார்கள். காதால் வழி பார்க்கும் பிராணி, அந்தச் சத்தத்துக்கு மிரண்டு கூட்டத்தோடு குடாவுக்குள் ஓடும். பார்க்க லட்சணமானவை காட்சித் தொட்டிக்குப் போகும், மிச்சம் கத்திக்கு. இதைக் காட்டிய ‘தி கோவ்’ படம் ஆஸ்கர் வாங்கியது. வேட்டை நிற்கவில்லை. நம் ஆட்கள் எந்தக் குணத்தோடு விடிய விடிய மல்லுக்கட்டினார்களோ, அதே குணம்தான் அங்கே தூண்டில்.

வழக்கறிஞர், திருச்செந்தூர்
கே: அயலூர்க்காரனை ஏசிவிட்டு நம்மை விடுதலை செய்துவிடுவீர்களோ?
ப: இல்லை, வக்கீலய்யா. கூண்டில் நமக்கும் இடம் போட்டிருக்கிறது. 2023 மார்ச்சில் குஜராத்தின் போர்பந்தர் கடலில் ஒரு படகில் 22 ஓங்கில் சடலங்கள் பிடிபட்டன. கைதான பத்துப் பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. சுறாவுக்கு இரையாக்கக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கும் முன்னால், 2020 டிசம்பர் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில் கால்வாய்க்குள் வந்துவிட்ட கங்கை ஓங்கிலைத் தடியாலும் கோடரியாலும் அடித்தே கொன்றார்கள். 2009-லிருந்து நம் தேசிய நீர்விலங்கு அதுதான். அங்கே பசிக்காகவும் இல்லை, காசுக்காகவும் இல்லை. கையில் தடி இருந்தது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், தூத்துக்குடி
கே: முத்துக்குளித்த காலத்தில் சுறா பயம் இல்லையா?
ப: இல்லாமலா? அதற்கென்றே ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருப்பார். மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில், அதற்கு வரும்படியும் உண்டு. இப்படிப்பட்டவர்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். அன்று சுறாவிடமிருந்து மனிதனைக் காக்க ஆள் தேடினோம். இன்று மனிதனின் கையைக் கட்டத்தான் கடல்கட்டி வேண்டும். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. மந்திரம் தீர்ந்து போனதால் அல்ல, சிப்பி தீர்ந்து போனதால்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், காயல்பட்டினம்
கே: பிள்ளைகளை டால்பின் ஷோவுக்குக் கூட்டிப்போனேன். அது பந்து அடித்தது, கை கொடுத்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். தப்பா?
ப: பிள்ளைகள் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. ஷோ முடிந்ததும் அது எங்கே போகும் என்று அவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நாள் முழுக்கக் கடலில் ஓடித் திரிகிற பிராணிக்குத் தொட்டி என்பது, நம்மைக் குளியலறையில் வைத்துப் பூட்டுவது போல. நம் நாட்டிலும் 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே பல்கேரியாவிலிருந்து ஓங்கில்களைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே செத்துப்போயின. 2013 மே மாதம் மத்திய அரசு, டால்பின் காட்சிசாலைக்கு எந்த மாநிலமும் அனுமதி தரக்கூடாது என்று சொல்லிவிட்டது. பிள்ளைகளை விடியற்காலையில் கடலுக்குக் கூட்டிப்போங்கள். வந்தால் பார்க்கலாம். வராவிட்டால், அதற்கும் வேறு வேலை இருக்கும் என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

பருவலைக்காரர், வேம்பார்
கே: வேண்டுமென்றா பிடிக்கிறோம்? தானாக வந்து விழுகிறது. அறுத்துவிட்டால் என் வலைக்கு யார் காசு தருவது?
ப: நியாயமான கேள்வி. உலகம் முழுக்க ஓங்கில் அதிகமாகச் சாவது கத்தியால் அல்ல, இப்படி வலையில் சிக்கித்தான். வலை என்பது உங்கள் வீட்டு உலை. மகாராஷ்டிர அரசு 2018-லிருந்து, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. இரக்கத்தின் செலவை மீனவர் தலையில் மட்டும் கட்டிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவது நியாயம் ஆகாது.

பத்தாம் வகுப்பு மாணவன், புன்னக்காயல்
கே: ஓங்கிலுக்குப் பெயர் உண்டா?
ப: உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டி. அந்தச் சீட்டியைப் பிறர் அடித்தால் அதற்குரியது மட்டும் பதில் கொடுக்கும் என்று 2013-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திருக்காத சிலரை எனக்குத் தெரியும்.

இல்லத்தரசி, குலசேகரன்பட்டினம்
கே: மறுபடி கரை ஒதுங்கினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், அண்ணாச்சி?
ப: கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குச் சொல்லுங்கள், வனத்துறை வரட்டும். அதுவரை ஈரத்துணி போட்டு உடம்பு காயாமல் பாருங்கள். உச்சியிலுள்ள மூச்சுத் துளையை மூடாதீர்கள், அதில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். ஆழத்துக்குக் கொண்டுபோகும்போது கூடியவரை கூட்டமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்று கரையில் கிடந்து கூப்பிட்டால், போனவை திரும்பி வரும். அவற்றைப் பிழைக்கத் தெரியாதவை என்று மட்டும் ஏசிவிடாதீர்கள்.