இருட்டுக்க ஒரு இருமல்

இஞ்ச வா மோனை, கதிரையில இரு. ஆதிமனுசன் ஒழுக்கம் படிச்சது கோயிலிலயோ வயித்திலயோ எண்டு நேற்று வாசிகசாலையில தொண்டை கிழியக் கத்தினியாம். ஸ்கந்தபுரத்தில இருந்துகொண்டு கத்தினால் ஸ்கந்தனுக்கும் கேட்டிருக்கும், பயப்பிடாதை.

குளத்தில தண்ணி குறைஞ்ச வருசம் சிறுபோகத்துக்கு முழுக்காணியும் விதைக்க ஏலாது. கூட்டம் வைச்சு, கிடக்கிற தண்ணிக்கு இத்தினை ஏக்கர் எண்டு பங்கு பிரிப்பினம். சிங்களச் சனமும் இதைத்தான் செய்யுது. அவை ‘பெத்ம’ எண்டுவினம். அவை கும்பிடுறது புத்தரை, நாங்கள் பிள்ளையாரை. பங்கு மட்டும் ஒண்டு. இது எந்த வேதத்தில கிடக்கு, சொல்லு பாப்பம்?

2003இல அமெரிக்காவில சாரா புரொஸ்னன், பிரான்ஸ் டி வால் எண்ட ரெண்டு பேர் கபுச்சின் குரங்குகளுக்குக் கூலி குடுத்துப் பாத்தவை. ஒண்டுக்கு வெள்ளரித்துண்டு, அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்கு முந்திரிகைப்பழம். வெள்ளரி வாங்கினது கனதரம் வேண்டாமெண்டிட்டுது. சில வேளை எறிஞ்சும் போட்டுது. அதுக்கு ஆர் தேவாரம் படிப்பிச்சது?

உடனை இளிக்காதை. நானும் ஒருக்கா நடுச்சாமம், அடுத்தவன்ர தண்ணி முறையில வரம்பு வெட்டப் போனவன். குளக்கட்டுப் பிள்ளையார் பாத்துக்கொண்டுதான் இருந்தார், கை நடுங்கேல்ல. இருட்டுக்க ஒரு இருமல் கேட்டுது. மண்வெட்டியைத் தோளில போட்டுக்கொண்டு, நிலாப் பாக்க வந்தவன் மாதிரித் திரும்பிட்டன். அண்டைக்கு அமாவாசை.

அப்ப பிள்ளையார் என்னத்துக்கு? அண்டைக்கு இருமின தண்ணி விதானையாரும் நித்திரை கொள்ள வேணுமெல்லே. இருமுறதுக்கு ஆளில்லாத ராவுக்கு ஒருத்தர் வேணும், சம்பளம் கேக்காத ஆளா.

1996இல கிளிநொச்சிச் சனம் செல்லடிக்குள்ளால ஓடிவந்து இஞ்ச இறங்கேக்க எங்கட கிணத்துக் கயிறு தேஞ்சே போச்சு. “புண்ணியமடா, அள்ளட்டும்” எண்டா ஆச்சி. 2008இல நாங்களே சட்டி பானையோட கிழக்கால வெளிக்கிட்டம். தருமபுரத்தில முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காறர் தங்கட கிணத்தைக் காட்டிச்சினம். ஆச்சி கட்டின சீட்டுக்காசு அங்கதான் விழுந்தது. அவ அதையும் புண்ணியமெண்டுதான் சொன்னவ. நான் மறுத்துக் கதைக்கேல்ல.

சரி, எழும்பு. இண்டைக்கு ராத்திரி எங்கட காணிக்குத் தண்ணி முறை. மண்வெட்டி கொட்டிலுக்க கிடக்கு. பக்கத்துக் காணிக்காறன் வரம்படிக்கு வருவான்; நீ முதலே ஒருக்கா இருமிவிடு.