பெட்டி இருக்கிறது, சாவி எங்கே?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் யோசனைப் பெட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு சீட்டுகூட விழவில்லை. தொழிலாளர்களுக்கு யோசனையே வராதா?
– ஒரு மேலாளர், ஓசூர்

பதில்: வராமலென்ன? கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று பாருங்கள், கொட்டும்! முதலில் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள்.

கோடாக் நிறுவனத்தில் 1898-ல் பரிசு வாங்கிய முதல் யோசனை, ‘ஜன்னல்களைக் கழுவினால் வெளிச்சம் வரும்’ என்பதுதான். அதற்கு இரண்டு டாலர் கொடுத்தார்கள். டொயோட்டாவின் எய்ஜி டொயோடா, 1950-ல் அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைப் பார்த்தார். அங்கிருந்த யோசனைத் திட்டத்தை மனத்தில் முடிந்துகொண்டு வர, 1951-ல் டொயோட்டாவிலும் அது தொடங்கியது. ஆக, யோசனை கேட்பதே இரவல் யோசனை!

சூட்சுமம் பெரிய பரிசில் இல்லை; சீக்கிரம் வரும் பதிலில் இருக்கிறது. சின்ன யோசனையா? சொன்னவரையே செய்து பார்க்க விடுங்கள். முடியாதா? காரணத்தை நேரில் சொல்லுங்கள். ‘ஸ்பானரைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டலாம்’ என்றவருக்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று மாதம் கழித்துக் கடிதம் போனால், அடுத்த யோசனையை அவர் மச்சானிடம்தான் சொல்வார்.

உண்டியலில் காசு போடுகிறவர்கூட, சாமிக்குக் காது கேட்கும் என்று நம்பித்தானே போடுகிறார்!