அரைக்காய்ச்சல் வத்தல்: திருவண்ணாமலை மொட்டை மாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வத்தலைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரண்டு நிலைகளையே கணக்கில் கொள்கிறார்கள். ஒன்று கூழ். மற்றொன்று, எண்ணெயில் பொரிந்து சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் நிலை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. மாசி, பங்குனி மாதங்களில், காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணி வரைக்கும் மொட்டை மாடியில் மட்டும் அது நிலவும். மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே பிசுபிசுப்பு போயிருக்காது. கடித்தால் பல்லோடு கொஞ்சம் வாக்குவாதம் செய்துவிட்டு அப்புறம் இணங்கும். இக்கட்டுரை அதை 'அரைக்காய்ச்சல்' என்று குறிக்கும். இது கடையில் விற்பதில்லை, டப்பாவில் அடைக்க முடியாது, விருந்தாளிக்கு இலையில் வைக்கவும் முடியாது. இதை ஒருவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதற்குச் சான்றே இல்லை. கிடைத்த சான்றுகள் எல்லாம் களவைச் சேர்ந்தவை. முழுக்க முழுக்கத் திருட்டின் வழியாகவே நுகரப்படும் ஒரு தின்பண்டம் ஆய்வுக்குரியது என்பதில் ஐயமில்லை.

இவ்வளவு சிறிய வீட்டு விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஊரா என்று கேட்பவர்கள் திருவண்ணாமலையைக் கார்த்திகை தீபத்தன்று மட்டும் பார்த்தவர்கள். மற்ற நாட்களில் இது ஒரு குடும்பஸ்தன் ஊர். மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் ஊர் பார்க்கச் சண்டை நடக்கிறது. அம்மன் கோயிலுக்குள் போய்விட, சுவாமி தனியாகக் கிரிவலம் போய்விட்டு வந்து சமாதானம் ஆகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். சுவாமியே சண்டை, சமாதானம், திதி என்று இருக்கிற ஊரில் வத்தல் மட்டும் எப்படி அற்ப விஷயமாகும்?

முதல் ஆய்வுச் சிக்கல் பருவம் பற்றியது. இலக்கணப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. இந்தப் பகுப்பைச் செய்தவர் பங்குனியில் திருவண்ணாமலைக்கு வந்து மாட வீதியில் செருப்பில்லாமல் நடந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. விடியற்காலையில் போர்வை வேண்டியிருக்கிறது, பத்து மணிக்கு மின்விசிறி வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் தருகிற பருவத்துக்கு இலக்கணத்தில் இடமில்லை. கோயில் கணக்கும் சித்திரையைத்தான் சொல்கிறது. வசந்த உற்சவம் அந்த மாதத்தில் பத்து நாள் நடக்கும். நிறைவாக மன்மத தகனம். வசந்தத்தின் உயிர்த்தோழன் மன்மதன். தோழனைக் கொளுத்தி வசந்தத்தைக் கொண்டாடுகிற ஊரில் அந்தப் பருவம் கொஞ்சம் முன்னதாகவே வந்து, சத்தமில்லாமல் மொட்டை மாடியில் ஒதுங்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

வத்தல்காரர்கள் மட்டும் பருவத்தில் ஒருபோதும் குழம்பியதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். காற்றில் ஈரம் குறைந்திருக்க வேண்டும். வெயில் ஏறியிருக்க வேண்டும், ஆனால் வத்தல் போடுகிறவர் தலை சுற்றி விழுகிற அளவுக்கு ஏறியிருக்கக் கூடாது. திருவண்ணாமலைக்கு நேர் மேலே சூரியன் வருவது சித்திரை முதல் பத்து நாட்களுக்குள். அதற்கப்புறம் கோடை இடிமழை, அக்னி நட்சத்திரம். அதற்கு முந்தைய சில வாரங்கள்தான் இடம்.

சூரியன் மற்ற ஊர்களுக்கும் பொது. திருவண்ணாமலைக்குத் தனியாக இருப்பது மலை. 2,668 அடி உயர மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஊர் இருக்கிறது. ஆகவே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே வெயில் மலைத்தோளுக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் நிலைமை நேர்மாறு: காலை வெயில் தாமதம், மாலை வெயில் தாராளம். அக்னித் தலம் என்று பேர், ஆனால் அந்த அக்னியே ஊருக்கு வெயிலை மறைக்கிறது. விளைவு, சமவெளி ஊரில் ஒரே நாளில் முக்கால் பங்கு காய்ந்துவிடும் வத்தல் இங்கே அரைக்காய்ச்சலிலேயே ஒரு ராத்திரி தங்கி, மறுநாளும் அதே நிலையில் மாடியேறுகிறது. களவுக்குரிய காலம் இரட்டிப்பாகிறது. உலகத்தில் வேறெங்கும் அரைக்காய்ச்சல் வத்தல் இவ்வளவு நேரம் நிலைப்பதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள். மறுப்பவர்கள் தங்கள் ஊர் மலையின் உயரத்தோடு வரவும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் ஆய்வாளர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இருட்டோடு எழுந்து அரிசி மாவும் ஜவ்வரிசியும் கூழாகக் கிளறப்படுகின்றன. ஜவ்வரிசி சேலத்துச் சரக்கு. மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி வறுப்பது. பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம், இறக்கியபின் எலுமிச்சை. வெயில் வருவதற்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அச்சில் பிழிந்தோ கரண்டியில் ஊற்றியோ வரிசை கட்டிவிடுவார்கள். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். வேட்டிதான் வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டில் உரிப்பது சுலபம், ஆனால் அதில் வத்தல் ஒரு பக்கம்தான் மூச்சு விடும். இந்த விஷயத்தில் இக்கட்டுரை நடுநிலை வகிக்கவில்லை.

இனி பொருளின் தன்மை. கொதிக்கும்போது மாவுச்சத்து நீரைக் குடித்துப் பருத்துப் பசையாகிறது. வெயிலில் முதலில் காய்வது மேல்தோல். அந்தத் தோலே உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வாசல் கதவாகிவிடுவதால் அப்புறம் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். நன்றாகக் காய்ந்த வத்தலிலும் சிறிதளவு ஈரம் மிச்சமிருக்கிறது. சூடான எண்ணெயில் அது ஆவியாகிப் புடைப்பதால்தான் வத்தல் பூக்கிறது. அரைக்காய்ச்சலை எண்ணெயில் போட்டால் பூக்காது, சுருண்டு எண்ணெயைக் குடித்துவிட்டுக் கிடக்கும். ஆகவே வீட்டுப் பொருளாதாரத்தில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. அதைத் தின்பவன் நாளைய நான்கு பொரித்த வத்தலை இன்றைக்கே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறான். ஓரம் மொறுமொறு, நடு மெதுமெது, நாக்கில் முதலில் புளிப்பு, தாமதமாகக் காரம், எல்லாவற்றிலும் பழைய வேட்டியின் வெயில் வாசனை. இவ்வளவையும் பயனற்றது என்று சொல்ல வேண்டியிருப்பது அறிவியலின் எல்லை.

களவாளிகளைப் பற்றிய முன்னாய்வுகள் எல்லாம் காக்கையிடம் தொடங்கி காக்கையிடமே முடிகின்றன. வேட்டியில் காலியிடம் தெரிந்தால் வீட்டில் முதலில் வரும் தீர்ப்பு, "காக்கா தூக்கினு போயிருக்கும்." இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். காக்கை பயப்படுவதற்காக விரித்த கறுப்புக் குடை நாள் முழுக்க அங்கேயே நிற்கிறது. தவிர, ரமணாசிரமத்தில் லட்சுமிப் பசு, வள்ளி மான், ஜாக்கி நாய் ஆகியவற்றின் சமாதிகளோடு ஒரு காக்கைக்கும் சமாதி இருக்கிறது. சமாதி கட்டி மரியாதை செய்த இனத்தின் மேல் ஆண்டுதோறும் பங்குனியில் திருட்டுப் பட்டம் சுமத்துவது இந்த ஊருக்கு அழகல்ல.

குரங்கின் மேல் வழக்குக்கு ஆதாரம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் நாட்டுக் குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. ஒரு வரிசையை அப்படியே உள்ளே அடைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும். பேரப்பிள்ளைக்கு அந்தப் பை இல்லை. ஆகவே அவன் மென்றுகொண்டே படியிறங்குகிறான், பிடிபடுகிறான். களவில் இவ்விரு இனங்களுக்கும் உள்ள வேறுபாடு இது ஒன்றே. குரங்குக்கு இந்த ஊரில் செல்வாக்கும் உண்டு. விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில் ரமணர் காயம்பட்ட ஒரு குட்டியைப் பேணினார். நொண்டி என்று அழைக்கப்பட்ட அந்தக் குட்டிதான் பின்னாளில் கூட்டத்துக்கே ராஜாவானது. குரங்குக் கூட்டங்களின் தகராறுகளை அவர் தீர்த்துவைத்த கதைகளும் அவர் வரலாற்றில் உண்டு. அப்பீல் செய்ய அவ்வளவு பெரிய இடம் இருக்கிற கட்சிக்காரரோடு, கையில் குச்சி மட்டும் வைத்திருக்கும் ஆயா எத்தனை நாள் வழக்காடுவார்?

ரமணரிடம் வந்துவிட்டோம்; இத்துறையின் மிக முக்கியமான ஆவணமும் அவருடையதுதான். 1896இல் வீட்டை விட்டு வந்து மலையே கதி என்று இருந்தவரைத் தேடி அப்பளம் வந்து சேர்ந்தது. அம்மா அழகம்மாள் அப்பளம் இடக் கூப்பிட்டார், மகன் கைகொடுப்பதற்குப் பதிலாக ஒரு பாட்டைக் கொடுத்தார். அப்பளப் பாட்டு என்று ஊரறிந்தது. அதில் வேதாந்தம் இருப்பதாகப் பெரியோர் சொல்வர். இவ்வாய்வு செய்முறையை மட்டும் சோதித்தது. உளுந்து இருக்கிறது, பிரண்டைச் சாறு இருக்கிறது, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் எல்லாம் அளவாக இருக்கின்றன. உளுந்தை உடைத்துப் பொடிக்கிறார்கள், இடிக்கிறார்கள், குழவியால் பலகையில் இடுகிறார்கள், நெய்யில் பொரிக்கிறார்கள். வெயிலில் காயவைப்பதை மட்டும் காணோம். பலகையிலிருந்து நேரே நெய்க்குப் போய்விடுகிறது அப்பளம். இதற்கு ஞானிகள் வேறு விளக்கம் வைத்திருக்கலாம். காயவைத்தால் யாராவது ஒருவர் காவல் உட்கார வேண்டும், உட்காரச் சொல்லி அம்மா யாரைக் கூப்பிடுவார் என்பது தெரிந்த கதை; பாட்டெழுதியவர் அந்தப் படியையே நீக்கிவிட்டார் என்பது இக்கட்டுரையின் விளக்கம்.

எஞ்சியிருப்பது மனித இனம். மற்ற ஊர்களில் வேலை இல்லாமல் மொட்டை மாடிக்குப் போகிறவன் காரணம் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலையில் காரணம் எதிரிலேயே நிற்கிறது: "மலையப் பாத்துட்டு வரேன்." இந்த வாக்கியத்தை இவ்வூரில் எவராலும் மறுக்க முடியாது, மறுத்தால் பாவம். படியேறுகிறவன் பக்தனாகப் போய், எச்சில் விரலோடு திரும்புகிறான். இத்தனை காலமாக விடையில்லாமல் நின்ற இந்த வாதத்துக்கு ஓர் ஆயாவிடம்தான் விடை கிடைத்தது. மூன்றாம் முறையாக மலையைப் பார்க்கக் கிளம்பிய பேரனிடம் அவர் சொன்னது: "நெனச்சாலே முக்தி குடுக்கற மலைடா இது. கீழயே குந்திக்கினு நெனை." சைவ சித்தாந்தத்தில் இதைவிடக் கூர்மையான கண்டனம் இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை.

பங்குனிப் பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து வரும் உறவினர் தனி வகை. ராத்திரி முழுக்க வெறுங்காலில் 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, காலையில் கால் வீங்கி மாடியில் வந்து படுப்பார்கள். பக்கத்திலேயே வேட்டி, வேட்டியில் முந்தின நாள் வத்தல். குழந்தையை அதட்டலாம், குரங்கை விரட்டலாம். வீட்டு மாப்பிள்ளையை என்ன செய்வது? மரபு இதற்கும் வழி கண்டிருக்கிறது. ஆயா கீழிருந்தபடியே, யாரையும் பார்க்காமல், "காக்கா வருது போல இருக்குது மாப்ளே, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று குரல் கொடுப்பார். மாப்பிள்ளை வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டு, வராத காக்கையை "ச்சூ" என்று விரட்டுவார். காக்கை ஏன் இந்த ஊரில் இவ்வளவு கெட்ட பேர் வாங்கியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இழப்பு எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல முடியவில்லை. வத்தலை எண்ணினால் வராது என்பது நம்பிக்கை. போட்ட அளவுக்கும் டப்பாவுக்குள் போன அளவுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பங்குனியில் ஒரு படி அரிசி கூடுதலாக ஊறப்போவதும் தெரியும். களவுக்குத் தனியாக அரிசி ஊறவைக்கப்படுகிறது என்றால் அதைக் களவு என்று அழைப்பது சட்டப்படி செல்லுமா என்பதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பீட்டுக்காக, பங்குனிக் கடைசியில் அதே மாடிக்கு வரும் வெங்காய வடகமும் ஆராயப்பட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் பிசைந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைப்பது. வாசனை மூன்று வீடு தள்ளியும் எட்டும். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். குரங்கு ஒருமுறை எடுத்து மோந்து பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது. மாப்பிள்ளை மாடிப் பக்கமே வரவில்லை. கருதுகோளின்படி இதற்குக் காவல் தேவையே இல்லை. ஆனாலும் ஆயா, தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயை விரித்து, குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்றிலை மடித்தபடி காலை முதல் உட்கார்ந்திருந்தார். யாரும் தொடாத வடகத்துக்கு எதற்குக் காவல் என்று கேட்கப்பட்டது.

"உனுக்கு இன்னா தெரியும். எறும்பு வரும்," என்றார்.