சாளேஸ்வர யாத்திரை

தங்கச்சி என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். இருக்கன்குடி கோவிலில் அவள் மகனுக்குக் காதுகுத்து. மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் நான். ஆலங்குளத்தில் கிளம்பி, பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால், மருமகன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கேசரி தின்றுகொண்டிருக்கிறான். மடி கொடுத்தது எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன். அதற்காகவே பிறந்தவன் போல இன்னும் சம்மணம் கலைக்காமல் உட்கார்ந்திருந்தான். கம்மல் என் சட்டைப்பையில் இருந்ததால், ஆசாரி தன்னிடமிருந்த கம்பியையே வளைத்து மாட்டிவிட்டார். முகூர்த்தம் 6.30. நான் படித்தது 8.30.

பத்திரிகை சிவகாசியில் அடித்ததுதான். மெரூன் அட்டை, அதில் தங்க எழுத்து, அதுவும் எறும்பு ஊர்ந்தது போல. ஊர் ஊருக்குக் காலண்டர் அடித்து அனுப்புகிற சீமையில் பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒரு ஆறை ஆறாகக் காட்டத் தெரியவில்லை. அந்தக் காலண்டரும் லேசுப்பட்டதா? உள்ளங்கை அகலத் தாளில் நல்ல நேரம், கௌரி, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் பலன். தேதியை மட்டும் யானை சைசில் போட்டிருப்பான். தேதி எனக்கே தெரியுமய்யா!

கண்ணில் கோளாறு இல்லை, வெளிச்சம்தான் பத்தவில்லை என்று நாலு வருஷமாகச் சொல்லிவருகிறேன். எனக்கு வயது 44. மாத்திரை அட்டையை வாசல் வரை கொண்டுபோய்ப் படிப்பேன். ஆதார் அட்டையை செல்போனில் போட்டோ எடுத்து, விரலால் அகட்டிப் பார்ப்பேன். சிரிக்க வேண்டாம், நீங்கள் இந்தப் பக்கத்தை எவ்வளவு தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 

இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். தாத்தா காலத்தில் சாளேஸ்வரம் என்பார்கள். இந்தியில் சாலீஸ் என்றால் நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர். சின்ன வயதில் நான் அதை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர் என்றே நினைத்திருந்தேன். அப்படியொன்றும் தப்பில்லை. ஸ்தலம்தான். நாற்பது தாண்டினால் அழைப்பு வந்துவிடும், போகாமல் யாரும் தப்ப முடியாது.

மூலவர், கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் வீற்றிருக்கும் லென்ஸ். இளமையில் குழைவான சாமி. கிட்டத்தில் எதையாவது பார்த்தால் சுற்றியுள்ள தசை சுருங்கும், சாமி கொஞ்சம் உப்பிக் காட்சி தருவார். வயசாக ஆக இறுகிப்போவார். தசை என்கிற அர்ச்சகர் எவ்வளவு மணியடித்தாலும் அசைய மாட்டார். பத்து வயதில் ஏழெட்டு சென்டிமீட்டரில் கிடைத்த தரிசனம் நாற்பதில் ஒரு சாண் தள்ளிப்போகும். அறுபதில் ஒரு மீட்டர். நமக்கோ கை அவ்வளவு நீளம் இல்லை. தீர்த்தம், பாப்பா விரிய விடும் சொட்டு மருந்து. குடித்தவன் போலத் தடுமாறி வெளியே வரலாம். பிரசாதம் குவிலென்ஸ். பிளஸ் ஒன்றில் ஆரம்பித்து கால் காலாக ஏற்றித் தருவார்கள்.

பிராகாரத்தில் உபசன்னதிகள் உண்டு. கிட்டப்பார்வைச் சன்னதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். விழி கொஞ்சம் நீண்டுபோவதால் வருவது, அங்கே குழிலென்ஸ். அடுத்தது சிலிண்டர் பவர். கருவிழி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருப்பவர்களுக்கு. அங்கே பவர் மட்டும் போதாது, அச்சு 90, அச்சு 180 என்று திசையும் எழுதுவார்கள். கண்ணாடிக்கும் சூலம் பார்த்தாக வேண்டும்.

புரை விழுந்துவிட்டால் பிரசாதம் செல்லாது. பழைய மூலவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்து முதல் கும்பாபிஷேகம் நடத்தினார். அந்த வசதி நம் பக்கம் வந்து சேரும்வரை பாட்டிமாருக்கு மூலஸ்தானம் காலி. முகத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி. மதுரையில் 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி கரிசல்காட்டுக்காரர், எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம். முடக்குவாதத்தில் கோணிய விரல்களோடு அறுவைச் சிகிச்சை செய்தவர். 1992-ல் அவர்கள் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு பிரதிஷ்டைச் செலவு மளமளவென்று இறங்கியது. என் பாட்டிகூட முகாம் வேனில் போய்விட்டு கறுப்புக் கண்ணாடியோடு சினிமா வில்லன் போலத் திரும்பினாள். மறுநாளே என் மூஞ்சியை உற்றுப் பார்த்து, “இம்புட்டுக் கறுப்பாடா நீ?” என்றாள். அது தனிக்கதை.

எங்கள் பக்கத்தில் கண் என்றாலே வெடிமருந்து நினைப்புதான். தீப்பொறி பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். திரி உருட்டுகிற அக்கா பேத்தியைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், “வயசாயிருச்சு” என்று விட்டுவிடுவோம். அஸ்ஸாமில் நாற்பது கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. பறிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியதாம். இங்கே எத்தனை பட்டறையில் இதைப் பற்றி யோசித்திருப்பார்கள்? பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அந்த மாத்திரை அட்டையையும் படிக்க முடியாது.

முடிவில் நானும் கண் பரிசோதனைக்குப் போனேன். இரும்பு வளையம் போன்ற ஒன்றை மூக்கில் ஏற்றி, வில்லை வில்லையாகச் சொருகி, “இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா சார்?” என்று அங்கிருந்த பெண் கேட்டுக்கொண்டே இருந்தது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. படித்தவன் என்ற மரியாதை போய்விடுமே என்று மாற்றி மாற்றிச் சொல்லிவைத்தேன். பிளஸ் ஒன்றரை.

நேற்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். 6.30. பளிச்சென்று 6.30. கீழே அதைவிடப் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘தாய்மாமன்’ என்று போட்டு என் பெயர். இனிஷியல் தப்பு. ஒன்றுவிட்ட பெரியப்பா மகனுடைய இனிஷியல் அது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.