பொய்க் கணக்கில் எழுந்த ஊர்

இத்தாலியில் சியெனா நகரத்துக்குத் தெற்கே ஓர்ச்சா என்றொரு சின்ன ஆறு ஓடுகிறது. ஆற்றைப் பார்த்து யாரும் சொக்கிப் போவதில்லை. சொக்க வைப்பதெல்லாம் அதன் பள்ளத்தாக்குதான்: புரண்டு படுத்த மாதிரி குன்றுகள், உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல் ஊர்கள், வரிசை பிசகாத சைப்ரஸ் மரங்கள். 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலண்டர் அச்சடிப்பவர்கள் அதற்கு வெகு முன்பே சேர்த்துவிட்டார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் கடவுளின் கைவண்ணம் என்று உருகுகிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் அங்கே கை வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஒரு வழிப்பறிக்காரர், சரசக் கதை எழுதிய ஒரு போப், அவரை ஏமாற்றிய ஒரு கட்டடக் கலைஞர். கடவுளுக்கு இதில் பங்கு உண்டென்றால் சாட்சிக் கையெழுத்து போட்ட அளவில்தான்.

வழிப்பறிக்காரரிலிருந்து ஆரம்பிப்போம், வயதில் மூத்தவர். ஐரோப்பாவின் வடக்கிலிருந்து ரோமுக்கு நடக்கும் யாத்திரிகர்கள் ராடிகோஃபனி மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த கோட்டையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார் கீனோ டி டாக்கோ. புண்ணியம் தேடிப் போகிறவர்களின் பணச்சுமையைக் குறைப்பது அவர் தொழில். பொக்காச்சியோ சொல்லும் கதைப்படி, வயிற்றுக் கோளாறுக்கு வெந்நீர்க் குளியல் தேடிப் போன ஒரு பெரிய மடத்துத் தலைவர் இவரிடம் மாட்டினார். கீனோ அவரை அறையில் பூட்டி, சுட்ட ரொட்டி இரண்டு துண்டும் ஒரு கோப்பை ஒயினும் மட்டும் கொடுத்துவந்தார். சில நாளில் வயிறு சரியாகிவிட்டது. குணமான மடாதிபதி போப்பிடமே சிபாரிசு செய்ய, கொள்ளைக்காரருக்கு மன்னிப்பும் கிடைத்தது, சபையில் பதவியும் கிடைத்தது. 1980-களில் இத்தாலியப் பிரதமராக இருந்த பெத்தினோ கிராக்சி இந்தக் கீனோவின் பெயரைப் புனைபெயராக வைத்துக் கட்டுரைகள் எழுதினார். பிறகு ஊழல் வழக்கில் மாட்டி துனீசியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட சாலைகளைச் சரிசெய்துவிட்டோம் என்று தம்பட்டம் அடிக்க, சியெனா ஆட்சியாளர்கள் தங்கள் நகர மன்றச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் வரையச் சொன்னார்கள். 1338-39-ல் அம்ப்ரோஜியோ லோரென்செத்தி வரைந்தார். நல்லாட்சி நடந்தால் கிராமம் எப்படிச் செழிக்கும் என்பது விஷயம். உழவு, அறுவடை, கழுதைப் பொதி, வேட்டைக்குக் கிளம்பும் சீமான்கள் என எல்லாம் இருக்கிறது. மேலே வானத்தில் ‘பாதுகாப்பு’ என்னும் தேவதை மிதக்கிறாள். ஒரு கையில் அச்சமின்றி நடமாடலாம் என்ற அறிவிப்பு. மறு கையில் குட்டித் தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். சுற்றுலா விளம்பரத்தில் இவ்வளவு நேர்மையைப் பிற்பாடு யாரும் காட்டவில்லை.

அதே பள்ளத்தாக்கில் பான்யோ வின்யோனி என்ற சிற்றூரில் ஊர் நடுச் சதுக்கமே வெந்நீர்க் குளம். நிலத்தடியிலிருந்து ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் ஊறும் நீர். துறவறம் பூணப் பிடிவாதம் பிடித்த மகள் கத்தரீனாவின் மனத்தை மாற்ற, அவள் தாய் இங்கே குளிக்க அழைத்துவந்தாள் என்பது மரபு. மகளோ எங்கே நீர் அதிகம் கொதிக்கிறதோ அங்கே போய் நின்று, நரக வேதனைக்கு ஒத்திகை பார்த்தாளாம். அவள்தான் பின்னாளில் சியெனாவின் புனித கத்தரீனா. அந்தத் தாய்க்கு யாராவது சிலை வைத்திருக்கலாம்.

இனி கதாநாயகர். 1405-ல் கோர்சின்யானோ என்ற மண் மணக்கும் குக்கிராமத்தில் எனேயா சில்வியோ பிக்கொலோமினி பிறந்தார். குடும்பம் சியெனாவின் பழைய பெரிய வீடு. அரசியலில் தோற்று ஊர்ப்பக்கம் ஒதுங்கியது. மொத்தம் 18 பிள்ளைகள், கையில் காசில்லை. பையன் படித்தான், கிளம்பினான், யார் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாய் விரித்தான். போப்புக்கு எதிராகக் கூடிய சபைக்கு எழுத்தர். அந்தச் சபை தேர்ந்தெடுத்த போட்டி போப்புக்குச் செயலாளர். பிறகு ஜெர்மானியப் பேரரசரின் அலுவலகத்தில் வேலை, ஆஸ்தானக் கவி மகுடம். நடுவில் ஸ்காட்லாந்துக்குக் கடலில் போனபோது புயலடிக்க, கரை சேர்ந்தால் வெறுங்காலில் மாதா கோயிலுக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டார். பனியில் நடந்த பாதங்கள் வாழ்நாள் முழுக்க வலித்தன. ஸ்காட்லாந்து அவரிடமிருந்து ஒரு குழந்தையையும் பெற்றுக்கொண்டது. 1444-ல் மணமான பெண்ணொருத்தியின் கள்ளக்காதலைச் சுவைபட எழுதினார். நூல் ஐரோப்பா முழுக்க விற்றுத் தள்ளியது. 1447-ல் ஆயர், 1458-ல் இரண்டாம் பியூஸ் என்ற பெயரில் போப். பழைய எழுத்துகளைத் தோண்டி எடுத்துக் காட்டியவர்களுக்கு அவர் சொன்ன பதில்: எனேயாவைத் தூக்கி எறியுங்கள், பியூஸை ஏற்றுக்கொள்ளுங்கள்.

(உடை மாற்றுவது அந்த வட்டாரத்துக்குக் கைவந்த கலையோ என்னவோ. பக்கத்து மலையூர் மோந்தேபுல்சானோவைச் சேர்ந்த குடும்பத்து வாரிசு ஒருவர் 1606-ல் மதுரைக்கு வந்து காவி கட்டிக்கொண்டார். ராபர்ட் டி நொபிலி, நம் தத்துவ போதகர்.)

1459-ல் பயணத்தின் வழியில் போப் சொந்த ஊரில் இறங்கினார். கூட விளையாடிய பையன்கள் எல்லாம் கிழவர்களாகிப் படுக்கையில் கிடந்தார்கள். சிலரை அடையாளமே தெரியவில்லை. தனக்கும் வயதாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் இந்த நிலையில் பெருமூச்சு விடுவார்கள். இவர் ஊரை இடித்துக் கட்ட உத்தரவிட்டார். ஊருக்குப் புதுப் பெயர் பியென்சா, அதாவது தன் பெயரே.

வேலையை எடுத்தவர் ஃபிளாரன்ஸ்காரர் பெர்னார்தோ ரோசெல்லினோ. மூன்றே ஆண்டில் கோயில், அரண்மனை, சதுக்கம் எழுந்தன. செலவு 50,000 பொற்காசுக்கு மேல். கொடுத்த எஸ்டிமேட்டோ அதில் பாதிகூட இல்லை. சியெனாக்காரர்களுக்கு ஃபிளாரன்ஸ்காரர் என்றாலே ஆகாது, கேட்க வேண்டுமா? போட்டுக்கொடுத்தார்கள். ரோசெல்லினோ நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். போப் சுற்றிப் பார்த்துவிட்டு, பொய் சொன்னதுதான் நல்லது, உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் நான் ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டேன் என்று பாராட்டி, முழுக் கூலியோடு 100 பொற்காசும் செந்நிற அங்கியும் பரிசளித்தார். கட்டடக் கலைஞர் அழுதேவிட்டார். தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் போப்பே, ஏதோ மூன்றாம் மனிதர் கதை போல, பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். உலகில் எந்த கான்ட்ராக்டருக்கும் இதற்கு முன்னும் பின்னும் இப்படியொரு வாடிக்கையாளர் வாய்த்ததில்லை.

கோயிலின் பின்பாதி சரிவில், இளகும் மண்மேல் நிற்கிறது. கட்டும்போதே சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. சுண்ணாம்பு குளிரில் சரியாக இறுகவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. போப்பின் கவலையோ வேறு. 1462-ல் ஓர் ஆணை போட்டார்: வெள்ளைச் சுவரில் யாரும் வண்ணம் பூசக் கூடாது, படம் மாட்டக் கூடாது, புதுப் பீடம் கட்டக் கூடாது, மீறினால் சபைச் சாபம். ஆணி அடிக்காதே என்று குடித்தனக்காரரை மிரட்டும் வீட்டுக்காரரைப் போல. என்ன, நம்மூர் வீட்டுக்காரரால் நரகத்துக்கு அனுப்ப முடியாது. ஆணையை மதித்ததால்தான் கோயில் இன்றும் வெள்ளையாக இருக்கிறது. சரிவது மட்டும் ஆணைக்குக் கட்டுப்படவில்லை.

கர்தினால்களுக்கும் விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, அங்கே மாளிகை கட்டியாக வேண்டும். அவர்களில் இளைஞரான ரோட்ரிகோ போர்ஜாவும் கட்டினார். 1460-ல் இதே இளைஞர், சியெனாவின் ஒரு தோட்டத்தில், கணவர்களும் அண்ணன் தம்பிகளும் அனுமதிக்கப்படாத விருந்தில் பெண்களோடு ஆடினார் என்று கேள்விப்பட்டு, போப் காரசாரமாகக் கடிதம் எழுதினார். கள்ளக்காதல் கதாசிரியருக்கு விஷயம் புரியாமல் போகுமா? 1464 ஆகஸ்டில் சிலுவைப்போருக்குக் கப்பல் வரும் என்று அங்கோனாவில் காத்திருந்த பியூஸ் இறந்தார். ரோசெல்லினோவும் அதே ஆண்டில். மறுபேச்சில்லாமல் கர்தினால்கள் மூட்டை கட்டினார்கள். ஊர் அப்படியே உறைந்துபோனது. இடித்துக் கட்டவும் யாரிடமும் பணமில்லை. இதைத்தான் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியம் என்கிறோம்.

மிச்ச நிலமெல்லாம் குடியானவர்கள் பாதி வாரத்துக்கு உழுதது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. 1924-வாக்கில் லா ஃபோச்சே பண்ணைக்கு வந்த ஐரிஸ் ஒரிகோவும் கணவர் அந்தோனியோவும் கண்டது நிலவின் தரை போல வெளிறிய களிமண். காலண்டர்களில் ‘இடைக்காலச் சாலை’ என்று பலர் நினைத்து ரசிக்கும் அந்த வளைந்து வளைந்து ஏறும் சைப்ரஸ் பாதை இவர்கள் போட்டது. வயது நூறை ஒட்டித்தான் இருக்கும். போர்க்காலத்தில் அகதிக் குழந்தைகளையும் தப்பி வந்த கைதிகளையும் இந்தப் பண்ணை காத்தது. அந்தப் பக்கத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

சினிமாக்காரர்கள் கடைசியாக வந்தார்கள். 1968-ல் வெளிவந்த ஜெஃபிரெல்லியின் ‘ரோமியோ ஜூலியட்’ படத்துக்கு வெரோனா நகரம் போதவில்லை, பியென்சாவிலும் எடுத்தார்கள். ஜூலியட் வீடாக நடித்தது போப்பின் அரண்மனை. எனேயாவைத் தூக்கி எறியச் சொன்னவரின் முற்றத்தில், ஊருக்குத் தெரியாமல் காதலிக்கும் ஒரு ஜோடியைக் காட்டுவதற்காக, விளக்கும் கேமராவும் இறக்கினார்கள்.